சாமி குத்தம் ஆகிவிடும் என்று சொல்லி ஓட்டுக் கேட்கலாமா?

தேர்தல் வழக்கு நடத்துகிற வக்கீல் என்பதால், முடிவு வந்த சூட்டோடு யாராவது போனை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், "பாருங்க சார், கோயிலுக்குள்ள வச்சே ஓட்டுக் கேட்டிருக்காங்க, பதவியைக் காலி பண்ணிடலாமா?" என்று. யார் எடுத்த வீடியோ, என்றைக்கு எடுத்தது என்று கேட்டால் "குரூப்ல வந்துச்சு சார்" என்பதுதான் பதில்.

வேட்பாளருக்குப் பக்தி இருப்பதில் சட்டத்துக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. ஜெயித்தவர் கடவுள் பெயரால் பதவியேற்கலாம், நம்பிக்கை இல்லாதவர் உளமார உறுதி கூறலாம், அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையிலேயே இரண்டும் இருக்கிறது. அந்தப் பக்தியைக் காட்டி உங்கள் ஓட்டைக் கேட்டால்தான் சிக்கல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3) மதம், இனம், சாதி, சமூகம், மொழி எதன் பெயரிலும் ஓட்டுக் கேட்கக் கூடாது என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017இல் அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒதுக்கப்பட்ட மக்கள் தங்கள் குறையை மேடையில் பேசுவதற்கே இது தடையாகிவிடுமே என்று அந்த 3 நீதிபதிகள் பட்ட கவலை எனக்கு இன்னமும் நியாயமாகத்தான் படுகிறது.

பலருக்குத் தெரியாத பிரிவு 123(2). ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று ஒருவரை நம்பவைப்பதை முறையற்ற செல்வாக்கு என்கிறது அது. நம் மொழியில் சாமி குத்தம். சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிவிட்டு, மீறினால் குடும்பம் விளங்காது என்று சொல்வதெல்லாம் இதில்தான் வரும். பணமும் கைமாறியிருந்தால் லஞ்சம் தனி.

சரி, அப்புறம் ஏன் வழக்குகள் தோற்கின்றன? சொன்னவர் வேட்பாளராகவோ அவருடைய தேர்தல் முகவராகவோ இல்லையென்றால், வேட்பாளர் அல்லது அந்த முகவரின் சம்மதத்தோடுதான் சொன்னார் என்று காட்டவேண்டும், இங்கேதான் பாதி வழக்கு படுத்துவிடுகிறது, வார்டு ஆள் பேசியதற்கு நான் பொறுப்பா என்பார் ஜெயித்தவர். கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவும் வேண்டும். கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில் பாட்டும் பேச்சும் பதிந்த சிடிக்களைக் கொடுத்தார்கள், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இல்லையென்று 2014இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. அந்த வழக்கின் பெயர் அன்வர் எதிர் பஷீர், எந்த வக்கீலுக்கும் தெரியும்.

ஆகவே யாராவது அப்படிப் பேசினால் தேதி, இடம், பேசியவர் பெயர், வேட்பாளர் அங்கே இருந்தாரா என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள், வீடியோ எடுத்த போனைப் பத்திரமாக வையுங்கள். பிரசாரம் நடக்கும்போதே தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலும் புகார் போடலாம். ஜெயித்தவரின் தேர்தலை ரத்து செய்யக் கேட்கும் தேர்தல் மனுவைத் தோற்ற வேட்பாளர்தான் போடவேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதியின் வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் போடலாம், ஆனால் முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள். அது தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடவும் வழி கிடையாது.