ஊசியில் வந்த துண்டில் சரக்கு இருக்கிறதா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து விடியக்காலை பஸ் பிடித்துக் கண்டிக்கு பயொப்சிக்கு (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) வரும் பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது ஒருநாள் கூலி, கிடையாது. பிறகு "எடுத்த துண்டு போதவில்லை, திரும்ப வாங்க" என்றால் இன்னொரு பேரும் போச்சு. சிலர் திரும்பி வருவதேயில்லை. துண்டை எடுத்த அறையிலேயே நுண்ணோக்கியில் பார்ப்பது இதற்காகத்தான்.

மார்புக் கட்டிக்கு வழக்கமாக 14 கேஜ் ஊசி; தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். விறைப்பூசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி எடுத்தால் நூல்போல வெண்துண்டு வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஊசி முனையால் ஒரே ஒரு தடவை, மெல்ல உருட்ட வேண்டும்; உயிரணுக்கள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தேய்த்தால் உயிரணுக்கள் நசுங்கும். பலமுறை உருட்டினால் துண்டிலேயே உயிரணு குறைந்துவிடும். உடனே துண்டு, திசுவைக் கெடாமல் காக்கும் 10% ஃபோர்மலினுக்குள் போகும். மிதந்தால் பெரும்பாலும் அது வெறும் கொழுப்பு.

தகட்டைக் காற்றில் உலர்த்தி மெதனோல், சிவப்புச் சாயம், நீலச் சாயம் மூன்றிலும் சில விநாடிகள் தோய்த்துக் கழுவினால் போதும். நுவரெலியா போன்ற மலையூர் மூடுபனியில் சிக்கலே இங்கேதான். ஈரக்காற்றில் தகடு மெதுவாகக் காயும். அதற்குள் உயிரணு உருக்குலையும். திறந்துகிடக்கும் மெதனோல் ஈரத்தை உறிஞ்சும். பிறகு உயிரணுக்களுக்குள் பளபளவென்று குமிழ் தெரியும். மூடியை இறுக மூடுங்கள், மெதனோலை அடிக்கடி மாற்றுங்கள், தகட்டுக்குச் சின்ன மின்விசிறி வையுங்கள்.

வெறும் இரத்தமும் கொழுப்பும் தெரிந்தால் பெரும்பாலும் ஊசி கட்டியில் படவில்லை. கோணத்தை மாற்றி இன்னொன்று எடுக்கலாம். ஆனால் நோயாளியிடம் முடிவு சொல்ல இந்தத் தகடு மட்டும் போதாது. லொபுலர் எனப்படும் ஒருவகை மார்புப் புற்றுநோயின் உயிரணுக்கள் நார்த்திசுவுக்குள் சிக்கியிருப்பதால் தகட்டில் ஒட்டாமல் ஏமாற்றும். ஃபைப்ரோஅடினோமா என்ற ஆபத்தில்லாத கட்டியோ உயிரணுக்களை அள்ளிக் கொட்டிப் பயமுறுத்தும். புற்று பால்குழாய்க்குள்ளேயே நிற்கிறதா, வெளியே பரவிவிட்டதா என்பதும் இதில் தெரியாது. மார்பக எக்ஸ்ரேயில் தெரிந்த சுண்ணாம்புப் புள்ளிகளுக்காக எடுத்த துண்டு என்றால் துண்டையே எக்ஸ்ரே எடுப்பதுதான் சரி.

புற்றுக்கு எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஹோர்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளுக்கு அந்தத் துண்டு ஃபோர்மலினில் 6 முதல் 72 மணித்தியாலம்தான் கிடக்க வேண்டும். வெள்ளி பின்னேரம் எடுத்து, திங்கள் போயா (பௌர்ணமி) லீவாகி, செவ்வாய்தான் ஆய்வுகூடம் திறக்கும் என்றால் அந்தக் கெடு தாண்டிவிடும். லீவு நாட்களைப் பார்த்தே பயொப்சிக்குத் திகதி கொடுங்கள்.