கீழ்ப்படிதலா, அடிபணிதலா?

"தேவனை நேசியுங்கள், அவருக்கு அடிபணியுங்கள்" என்னும் தொடரை அண்மையில் ஒரு தியானக் கையேட்டின் ஒரே பக்கத்தில் நான்கு முறை படிக்க நேர்ந்தது. பிறமொழிப் பிரசங்கத்தை மேடையில் நின்று தமிழாக்குவோரும் இப்போதெல்லாம் இதையே சொல்கிறார்கள். நேசிப்பது இருக்கட்டும், அடிபணிவது இங்கே எப்படி வந்தது?

வேதாகமத் தமிழில் நெடுங்காலமாக இருக்கும் சொல் கீழ்ப்படிதல். எண்ணெய் தடவினால் முடி படிகிறது, சந்தையில் பேரம் படிகிறது. இரண்டிலும் படிதல் என்பது இசைந்து அமைவதே. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இதற்குரிய வினை 'ஹுப்பாக்குவோ'. 'கீழ்' என்னும் முன்னொட்டோடு 'கேள்' என்னும் வினை சேர்ந்தது. எபிரெயத்திலோ 'ஷாமா' என்ற ஒரே வினை கேட்பதையும் கீழ்ப்படிவதையும் குறிக்கும். தமிழருக்கு இது புதிதன்று. "பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறானா?" என்று பாட்டி விசாரிக்கும்போது, அவர் பேரனின் காதைப் பற்றியா விசாரிக்கிறார்? உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் கட்டளை, அடுத்த வசனத்திலேயே முழு இருதயத்தோடும் அன்புகூரச் சொல்வதும் இதனால்தான் இயல்பாகப் பொருந்துகிறது.

அடிபணிதலுக்காக வாதாடுவோர், பக்தி இலக்கியத்தில் அது அன்பு கனிந்த சொல் என்பார்கள். உண்மைதான், தேவாரத்தில் அடியார் அடி பணிவதில் அச்சத்தைவிட உருக்கமே மிகுதி. ஆனால் இன்றைய வாசகர் அச்சொல்லை எங்கே சந்திக்கிறார்? "நெருக்கடிக்கு அடிபணிந்தது அரசு", "மிரட்டலுக்கு அடிபணிய மாட்டோம்" என்னும் செய்தித் தலைப்புகளில். தோற்றவன் செய்வது அது; அதற்கு எதிராளியின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டியதில்லை, அவர்மேல் அன்பும் வேண்டியதில்லை. "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்னும் யாக்கோபு 4:7இல் உள்ள கிரேக்க வினை வேறல்லவா என்று கேட்பாரும் உண்டு. வேறுதான்; 'ஹுப்பொட்டாஸ்ஸோ', ஒருவருக்குக் கீழே ஒழுங்கில் அமைவது. அதிலும் காலில் விழுவது இல்லை. மேலும், யோவான் 15:15இல் இயேசு தம் சீடர்களை இனி ஊழியக்காரர் என்று சொல்லாமல் சிநேகிதர் என்றே அழைக்கிறார். அதற்கு முந்திய வசனத்தில் அந்தச் சிநேகத்துக்கு அடையாளமாகச் சொல்லப்படுவது, அவர் கற்பிப்பதைச் செய்வது. சிநேகிதன் சொல்வதைக் கேட்கலாம். அவனுக்கு அடிபணிவார் யார்?

யோவான் 14:15ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்." கைக்கொள்ளுதல் என்பது, கிரேக்க மூலத்தில் உள்ளதுபோலவே, ஒன்றைப் போற்றிக் காப்பதையும் உள்ளடக்கியது. அந்த இடத்தில் "எனக்கு அடிபணியுங்கள்" என்று வைத்துப் படித்தால், வாசலில் வந்து நிற்கும் கந்துவட்டிக்காரரின் குரல்தான் கேட்கிறது. அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே வரிசையாக இருப்பவற்றுள் கனமானதை எடுத்துப் போட்டால் பக்தி கூடிவிடும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் நினைக்கிறார்கள் போலும்.

பழைய மொழிபெயர்ப்பில் எதையுமே தொடக்கூடாது என்பது என் கட்சியன்று. இதே வசனத்தின் 'கற்பனை' இன்று ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு மனத்தில் புனைவதையே குறிப்பதால், அதைக் 'கட்டளை' என்று மாற்றியவர்கள் செய்தது சரியே. பொருள் மாறிய சொல்லை அகற்றுவது நியாயமென்று கற்பனையை அகற்றியவர்கள், அதே நியாயத்தின்படி அடிபணிதலை உள்ளே நுழைய விட்டிருக்கக் கூடாது.