‘செல்’லுக்குத் தமிழ் என்ன?

ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்கரையில் நின்று செல்போனில் வீட்டுக்குக் கோல் எடுத்தவர்களுக்குத் தெரியும்: சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கும், கோல் மட்டும் போகாது. செல்போன் கோபுரத்தின் அலை எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பதைத்தான் கோடுகள் காட்டும். அதில் இடம் இருக்கிறதா என்று அவை சொல்வதில்லை. அந்த இடப் பிரச்சினைதான் ‘செல்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

செல்போனில் உள்ள செல், நடந்து செல்லும் செல் அல்ல. இலத்தீனில் ‘செல்லா’ என்றால் சிறிய அறை. 1665இல் ரொபேர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, அதில் தெரிந்த அறைகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். உயிரியலுக்குச் சொல் வந்த வழி அது. தொலைபேசிக்கான யோசனை 1947இல் பிறந்தது. நிலப்பரப்பைத் தேன்வதை மாதிரி அறுகோணங்களாகப் பிரிக்கலாம் என்று அமெரிக்க பெல் ஆய்வுகூடத்தார் எழுதிவைத்தார்கள்.

ஏன் பிரிக்க வேண்டும்? இரண்டாம் தலைமுறை செல்போன்களின் ஜிஎஸ்எம் முறையை எடுப்போம். 900 மெகாஹேட்ஸ் பகுதியில் அதற்கு முதலில் கிடைத்தது ஒரு திசைக்கு (போனிலிருந்து கோபுரத்துக்கு ஒன்று, கோபுரத்திலிருந்து போனுக்கு ஒன்று) 25 மெகாஹேட்ஸ் அகல அலைவரிசை. 200 கிலோஹேட்ஸ் துண்டுகளாக வெட்டி, ஓரத்துக்கு வரம்பு விட்டது போக 124 தேறும். ஒரு துண்டில் எட்டுப் பேர் பேசலாம். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவது போலத்தான்; ஆனால் இங்கே ஒரு முறை, செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. 124ஐ எட்டால் பெருக்கினால் 992. ஒரே கோபுரத்தை வானுயர நட்டு நாடு முழுவதற்கும் அலை பரப்பினால், ஒரே நேரத்தில் ஆயிரம் பேர்கூடப் பேச முடியாது!

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு கோயில் பெரிய ஒலிபெருக்கியை உச்சியில் கட்டினால் பத்து ஊருக்கும் அந்த ஒரு பாட்டுத்தான். ஊருக்கு ஊர் சத்தத்தைக் குறைத்து வைத்தால் பத்துப் பாட்டும் பக்குவமாக ஓடும். (எங்கள் பக்கம் யாரும் குறைப்பதில்லை, அது வேறு கதை.) கோபுரமும் அப்படித்தான். பலத்தைக் குறைத்துச் சிறு பரப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும். பக்கத்துக் கோபுரத்துக்கு வேறு துண்டு. அதற்கும் அப்பால் இதே துண்டு மறுபடி வரும். களுவாஞ்சிகுடியில் ஒருவர் பேசும் அதே அலைவரிசையில் தொலைவிலுள்ள ஏறாவூரில் இன்னொருவர் பேசலாம். நாலாம் தலைமுறையில் (4ஜி) பக்கத்து அறைகளும் ஒரே பட்டையைப் பாவிக்கின்றன. யாருக்கு எப்போது எந்தத் துண்டு என்று கணத்துக்குக் கணம் பங்கிட்டு இடைஞ்சலைச் சமாளிக்கிறார்கள். மாமாங்கேஸ்வரர் தீர்த்தக்கரையில் நடப்பது, ஓர் அறைக்குள் ஊரே புகுந்துவிடுவது. அறைகளை இன்னும் சிறிதாக்குவதுதான் மருந்து.

சரி, தமிழில் என்ன சொல்வது? இலங்கையில் எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் செல்லுக்குப் பெயர் கலம்: தாவரக் கலம், உலர்மின்கலம். தமிழ்நாட்டில் உயிரணு என்பார்கள். வலையமைப்புக்குக் கலம் மோசமில்லை, கொள்ளளவு என்ற எண்ணம் அதில் உண்டு. ஆனாலும் நான் சிற்றறை என்றே எழுதுவேன். இலத்தீன் மூலமும் அதுதான், பிரித்தல் என்ற கருத்தும் அதில்தான் தெரிகிறது.

கருவிக்கு ‘செல்லிடப்பேசி’ நம்மிடம் நிலைத்துவிட்டது. செல் என்ற ஓசையைப் பிடித்துவைத்து, போகுமிடமெல்லாம் பேசுவது என்று பொருளையும் மாற்றிய கெட்டித்தனம் அது. அறை என்ற கருத்து மட்டும் காணாமல் போய்விட்டது. 301ஆம் குறளிலும் ‘செல்லிடத்து’ என்று வருகிறது, ஆனால் அங்கே அதன் பொருள் பலிக்கக்கூடிய இடத்தில் என்பது. அந்தக் கணக்கில் பார்த்தால் செல்லிடப்பேசி, பலிக்கிற இடத்தில் மட்டும் பேசும் கருவி. தீர்த்தக்கரையில் நின்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.