வெள்ளைக் குளிசையும் பச்சைக் குளிசையும்

பெரியம்மாவுக்கு மூன்று நாளாகத் தலைச்சுற்று. குளிசைப் பெட்டியை வாங்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வழக்கமாகப் போடும் பச்சைப் பிறசர் குளிசையோடு, கிளினிக்கில் புதிதாகக் கொடுத்த வெள்ளையையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். "அது வேற மருந்து மோனை, தந்ததை விடக்கூடாதெல்லோ" என்றார். வெள்ளை மட்டையில் லொசாட்டன் 50 மில்லிகிராம் என்றிருந்தது. பச்சை மட்டையில் பெரிய எழுத்தில் வணிகப் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் அதே லொசாட்டன், அதே 50.

புதிய மருந்தைக் கண்டுபிடிக்கும் நிறுவனத்துக்கு வழக்கமாக 20 ஆண்டு காப்புரிமை கிடைக்கும். அது முடிந்தால் மற்றவர்களும் அதைச் செய்து, லொசாட்டன் என்பதுபோல மருந்தின் பொதுப்பெயரிலேயே விற்கலாம். ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் முதலில் நடத்திய ஆய்வுகளை அவர்கள் திரும்ப நடத்தத் தேவையில்லை. விலை குறைவதற்கு இது பெரிய காரணம், மருந்தில் எதையும் குறைப்பதில்லை.

ஆனால் ஒன்றை அவர்கள் காட்டியே ஆகவேண்டும்: தங்கள் குளிசையும் அதே அளவு மருந்தை, அதே வேகத்தில் இரத்தத்தில் சேர்க்கிறது என்பதை. பெரும்பாலும் இருபது முப்பது ஆரோக்கியமானவர்களை எடுப்பார்கள். பாதிப்பேருக்கு முதலில் பழையது, மற்றவர்களுக்குப் புதியது. மணிக்கணக்கில் இடைவெளி விட்டு இரத்தம் எடுத்து, மருந்து ஏறி இறங்குவதைக் கோடாக வரைவார்கள். உடலில் இருந்து மருந்து முழுதாகப் போனபிறகு ஆட்களை மாற்றிக் கொடுப்பார்கள். ஒரே ஆளின் உடம்பிலேயே இரண்டையும் ஒப்பிடுவதுதான் இதன் நுட்பம். கோட்டின் உச்சமும், கோட்டுக்குக் கீழுள்ள பரப்பும், அதாவது இரத்தத்தில் மொத்தமாகச் சேர்ந்த மருந்தும், பொருந்த வேண்டும்.

எவ்வளவு பொருந்த வேண்டும்? பழையதை 100 என்று வைத்தால், 80க்கும் 125க்கும் இடையில். இதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள், குளிசைக்குள் 80 வீதம்தான் மருந்து இருக்கலாம் என்று. அப்படியில்லை. சராசரி மட்டுமல்ல, அதன் இருபுறமும் உள்ள நிச்சயமின்மை முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். சராசரி 80ஐ ஒட்டியிருந்தால் அந்த மருந்து தேறவே தேறாது. அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை ஏற்ற 2070 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பரப்பில் இருந்த சராசரி வித்தியாசம் 3.56 வீதம்தான்.

எங்கள் இலங்கைக்கு இது புதிதுமில்லை. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகி, மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்வனவு செய்யும் வழியைத் திறந்தார். ஏழை வீடுகளில் சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் மருந்து தொடர்ந்து கிடைப்பதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

சரி, எல்லா மருந்தையும் யோசிக்காமல் மாற்றலாமா? இல்லை. வலிப்புக்கான பெனிட்டோயின், இரத்தம் உறையாமல் காக்கும் வார்பரின், தைரொயிட்டுக்கான தைரொக்சின் போன்றவற்றில் போதுமான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி சின்னது. 1968இல் அவுஸ்திரேலியாவில் பெனிட்டோயின் கப்சூலில் நிரப்புபொருளாக இருந்த கல்சியம் சல்பேற்றை எடுத்துவிட்டு லக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் இரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்து பல நோயாளிகளுக்கு நஞ்சாகிவிட்டது. அதனால் இந்த வகை மருந்துகளில் ஒரே தயாரிப்பில் நிற்பது நல்லது. மாற்றத்தான் வேண்டுமென்றால் டொக்டரிடம் சொல்லிவிட்டு, இரத்தப் பரிசோதனையோடு மாற்ற வேண்டும்.

மற்ற மருந்துகளில் எனக்குப் பெரிய பயம் பெரியம்மாவுக்கு நடந்ததுதான். நிறத்தையும் வடிவத்தையும் வைத்து மருந்தை அடையாளம் காணும் வயதானவர்களுக்கு, நிறம் மாறினால் அது இன்னொரு மருந்து. பாமசியில் மாற்றித் தரும்போது "இது பழையதுக்குப் பதில்" என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். வீட்டில் இருக்கிற மட்டைகளையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கிளினிக்கில் கேட்டுவிட்டு, பச்சையை எடுத்து வைத்துவிட்டோம். வெள்ளை மட்டும் போட்டு இரண்டு கிழமை கழித்துப் பிறசர் பார்த்தோம். 130க்கு 80. கொப்பியின் பழைய பக்கங்களிலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான் இருந்தது.