‘யாட்’ எந்தப் படகு? தமிழில் அதற்கு என்ன பெயர்?

பிறந்தநாள், கல்லூரித் தோழர்களின் சந்திப்பு, கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று ஏதாவது ஒரு சாக்கில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு படகை முழுதாக வாடகைக்கு எடுத்துக் கடலுக்குள் போய்வருவது சென்னையில் இப்போது நடக்கிற காரியம். “மச்சான், சண்டே யாட் புக் பண்ணிரலாமா?” என்று ஒருவர் கேட்டதும் குழுவில் இருக்கும் எல்லோரும் சரி என்பார்கள். ஆனால் ஒருவர் மனத்தில் இருப்பது வெள்ளைப் பாய் விரித்த ஒல்லியான படகு. இன்னொருவர் மனத்தில் இருப்பது சினிமாவில் பார்த்த மூன்றடுக்கு மோட்டார் கலம். இரண்டுமே யாட்தான். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யாட் என்பது ஒரு கலத்தின் வடிவத்தைச் சொல்வதில்லை, எதற்காக அது ஓடுகிறது என்பதைத்தான் சொல்கிறது. மீன் பிடிக்க அல்ல, சரக்கு ஏற்ற அல்ல, அக்கரை சேர்க்க அல்ல. ஏறுகிறவர்களின் மகிழ்ச்சிக்காக, அல்லது பந்தயத்துக்காக. அப்படி ஓடும் கலம் பாயால் ஓடினாலும் யாட், எஞ்சினால் ஓடினாலும் யாட். உட்கார, படுக்க ஓர் அறையாவது இருக்கும் அளவுக்கு அது பெரிதாக இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அறை ஏதும் இல்லாத சின்னத் திறந்த படகை டிங்கி என்பார்கள். அந்தச் சொல் வங்காள, இந்தி மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

எழுத்தைப் பற்றி ஒன்று. யாட்ச், யாச்ட், யாக்ட் என்றெல்லாம் தமிழில் எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலின் நடுவில் ஒலிக்காத எழுத்துகள் இருப்பதால் வந்த தடுமாற்றம் இது. ஆங்கில ஒலிப்புக்குப் பொருந்துவது ‘யாட்’. தமிழில் சொல் வல்லின மெய்யில் முடியாது என்ற இலக்கணப்படி ‘யாட்டு’ என்று உகரம் சேர்த்தும் எழுதலாம். சொல்லின் முதலில் ‘யா’ வருவதும் யானை, யாழ், யாண்டு என நமக்குப் பழக்கம்தான். ஆனால் ஆட்டுக்குப் பழைய பெயர் ‘யாடு’ என்பதால், ‘யாட்டு’ என்றதும் பழந்தமிழ் படித்தவர்களுக்கு மந்தைதான் நினைவுக்கு வரும். நான் யாட் என்றே எழுதுகிறேன்.

சொல் பிறந்தது ஒல்லாந்தில், அதாவது டச்சுக்காரர்களின் நெதர்லாந்தில். டச்சு மொழியில் ‘யாகன்’ என்றால் வேட்டையாடு, துரத்து என்று பொருள். அதிலிருந்து வந்த ‘யாக்ட்’ என்பது வேட்டை. ‘யாக்ட்ஸ்கிப்’ என்றால் துரத்திப் பிடிக்கும் கப்பல். ஆழம் குறைந்த ஒல்லாந்துக் கடற்கரையில் கொள்ளையரையும் கடத்தல்காரரையும் விரட்ட, எடை குறைந்த, விரைவாகத் திரும்பக்கூடிய கலங்கள் தேவைப்பட்டன. அவற்றின் பெயர்தான் சுருங்கி யாக்ட் ஆனது. நம் சங்கப் பாடல்களில் பரதவர் மீன் பிடிப்பதும் ‘கடல் வேட்டம்’ என்றே வரும். கடலில் ஓடுவதையும் வேட்டையையும் ஒன்றாகப் பார்த்த பேச்சு இரண்டு கரைகளிலும் இருந்திருக்கிறது.

இந்தச் சொல்லுக்கும் நம் கரைக்கும் உள்ள உறவு யாட் வாடகைக்கு வருவதற்கு மிகவும் முந்தையது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களை வகை பிரித்தபோது, பெரிய வணிகக் கப்பல்களுக்கு அடுத்த, சிறிய விரைவான வகைக்கு யாக்ட் என்றே பெயர் வைத்திருந்தது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613இல். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்துக்கு அதுதான் நெடுங்காலம் தலைமையிடம். ஆங்கிலேயருக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கிடைத்தது 1639இல்தான். ஆக, சென்னை என்ற நகரம் உருவாகும் முன்பே அந்த டச்சுச் சொல்லைப் பெயராகக் கொண்ட கலங்கள் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. இப்போதும் பழவேற்காட்டுக் கல்லறைகளில் டச்சு எழுத்துகளைப் பார்க்கலாம்.

வேட்டைக்கப்பல் எப்படிக் களிப்புக்கான கலமானது? ஒல்லாந்துப் பணக்காரர்கள் அதே வடிவத்தைத் தங்கள் சொந்தப் பயணத்துக்குக் கட்டிக்கொண்டார்கள். நாடு கடந்து வாழ்ந்த இரண்டாம் சார்லஸ் 1660இல் இங்கிலாந்தின் அரசராகத் திரும்பியபோது, ஆம்ஸ்டர்டாம் நகரம் ‘மேரி’ என்ற யாட்டை அவருக்குப் பரிசளித்தது. அதில் அவருக்குப் பெரிய ஈடுபாடு பிறந்தது. அடுத்த ஆண்டே தன் தம்பி ஜேம்ஸுடன் தேம்ஸ் ஆற்றில் பந்தயம் கட்டிப் படகு ஓட்டினார். அரசர் விளையாடியது சீமான்களின் விளையாட்டானது. வேட்டை என்ற பொருள் உதிர்ந்துபோனது. ஆங்கிலப் படகுத்துறையின் சொற்களில் பல டச்சிலிருந்து வந்தவையே. ஸ்கிப்பர் (படகுத் தலைவர்), ஸ்லூப் (ஒற்றைப் பாய்மரப் படகு), க்ரூஸ் (கடலுலா) எல்லாம் அந்த வழி. பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கழியை ‘பூம்’ என்கிறார்கள். டச்சில் அதற்கு ‘மரம்’ என்றுதான் பொருள். நாமும் பாய் தாங்கும் கம்பத்தைப் பாய்மரம் என்கிறோம்.

சென்னைக்கு யாட் என்ற பெயர் முறையாக வந்து சேர்ந்தது 1911இல். துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் துறைமுகத்துக்குள்தான் இருக்கிறது. நகரத்தின் பாய்மரப் படகு விளையாட்டு அந்தச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்ததால், இத்தனை நீளக் கடற்கரை இருந்தும் பொதுமக்கள் கண்ணில் அது அதிகம் படவில்லை. அது எனக்கு வருத்தம்தான். இந்த ஊரிலிருந்து போன நேத்ரா குமணன், ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் அவரோடு சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதியும் வருண் தக்கரும் களமிறங்கினார்கள். ‘பாய்மரப் படகு வீராங்கனை’ என்று நாளிதழ்கள் எழுதியது நேத்ராவைப் பற்றித்தான். அந்தத் தொடரை அடுத்துப் பார்க்கிறேன்.

யாட்டுக்குத் தமிழில் இப்போது புழங்குபவை மூன்று. ‘சொகுசுப் படகு’ செய்தித்தாள்களுக்குப் பிடித்த சொல். பெரும்பணக்காரர்களின் மோட்டார் கலத்துக்கு இது பொருந்தும். ஆனால் பாய் விரித்து ஓடும் சின்ன யாட்டில் சொகுசு என்று எதுவும் இல்லை. கயிறு இழுத்தால் உள்ளங்கை சிவக்கும், படகு ஒரு பக்கம் சாயும், உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அந்த அனுபவத்துக்குச் சொகுசு என்று பேர் வைப்பது அதன் சுவையையே மறைத்துவிடும்.

‘உல்லாசப் படகு’ அகராதிகள் தரும் சொல். உல்லாசம் வடசொல், மகிழ்ச்சி என்று பொருள். யாட் என்பதன் மையமான கருத்தை, அதாவது மகிழ்ச்சிக்காக ஓடுவது என்பதை, இது சரியாகப் பிடிக்கிறது. பாயா எஞ்சினா என்று தெரியாத இடத்தில் இதைத் தயங்காமல் எழுதலாம். குறை ஒன்றுதான்: முட்டுக்காட்டில் காலால் மிதித்து ஓட்டும் படகும் உல்லாசப் படகுதானே?

‘பாய்மரப் படகு’ மூன்றாவது. இது எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்கிறது. பாயில்லாத மோட்டார் யாட்டுக்கு இது பொருந்தாது. ஆனால் நண்பர்கள் காற்றில் ஓடிப் பார்க்கவேண்டும் என்று போகிற பயணத்துக்கு இதைவிடத் தெளிவான சொல் கிடையாது. தரையில் விரிப்பதும் பாய், மரத்தில் கட்டுவதும் பாய். ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பது தமிழின் அழகு. சங்கப் பாடல்களில் கூம்பு என்றால் பாய்மரம், மீப்பாய் என்றால் மேலே கட்டிய பாய். கரிகாலனின் முன்னோன் ஒருவனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறது புறநானூறு. காற்றை வேலை வாங்கிக் கடலில் நாவாய் ஓட்டியவன். பாய்மர ஓட்டத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை. ஆங்கிலமே இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒலிம்பிக்கில் 1996 வரை ‘யாட்டிங்’ என்றிருந்த போட்டியின் பெயர், 2000 சிட்னி ஒலிம்பிக் முதல் ‘செய்லிங்’, அதாவது பாயோட்டம்.

நாலாவதாக ஒரு சொல் தூங்கிக்கொண்டிருக்கிறது: பள்ளியோடம். பள்ளி என்றால் படுக்கும் இடம், தங்கும் இடம். அறை அமைந்த ஓடம் பள்ளியோடம். சிலப்பதிகாரத்து மதுரையில் வையைப் புனலாட்டுக்குப் போகிறவர்கள் ஏறும் ‘நீரணி மாடம்’ இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கேரளத்தில் ஆறன்முளைத் திருவிழாவில் ஓடும் நீண்ட படகுகளுக்கு இன்றும் பள்ளியோடம் என்றே பெயர், பொருள் மட்டும் மாறிவிட்டது. தங்கும் அறையும் களிப்பும் சேர்ந்த பழஞ்சொல் என்பதால் யாட்டுக்கு இது நெருங்கி வருகிறது. ஆனால் இன்று ‘பள்ளி’ என்றதும் பிள்ளைகள் படிக்கும் இடம்தான் தோன்றும். பேச்சில் இதை மீட்டெடுப்பது கடினம். கதை எழுதுகிறவர்கள், படகுக்குப் பெயர் வைக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். களிப்புக்கென்றே மிதப்பது நமக்குப் புதிதல்ல என்பதற்குத் தைப்பூசத்தை ஒட்டி மயிலாப்பூர்க் குளத்தில் கபாலீசுவரர் வலம் வரும் தெப்பம் போதும்.

தமிழ் கொடுத்த சொல் ஒன்றும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. வாடகைக்கு வரும் யாட்களில் இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாக வைத்து நடுவில் தளம் போட்ட வகைக்கு ‘கேட்டமரான்’ என்று பெயர். அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. மரங்களை நெருக்கமாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவது கட்டுமரம். நடுவில் இடைவெளி கிடையாது. இரட்டையுடல் அமைப்பு பசிபிக் தீவுகளின் மரபு. 1876இல் நத்தானியல் ஹெரெஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டையுடற் படகால் நியூயார்க்கில் பந்தயம் வென்று அந்த வடிவத்தைப் புகழ்பெறச் செய்தார். பெயர் மட்டும் நம்முடையதாக நின்றுவிட்டது. எனவே கேட்டமரானைத் திரும்பக் கட்டுமரம் என்று மொழிபெயர்த்தால் தவறாகிவிடும். காசிமேட்டில் யாரும் ஒப்ப மாட்டார்கள். இரட்டையுடற் படகு என்பதே சரி.

படகுக்குள் ஏறியபின் தேவைப்படும் சொற்களும் நம்மிடம் உண்டு. படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடியில் முதுகெலும்பாக ஓடும் மரம் ஏரா. திருப்பும் கருவி சுக்கான், ஓட்டுகிறவர் மாலுமி. இவை இரண்டும் அரபுக் கடலோடிகளிடமிருந்து வந்து தமிழாகவே ஆகிவிட்டவை. கடலில் சொற்கள் எப்போதும் இப்படிக் கைமாறித்தான் வந்திருக்கின்றன. கப்பல் என்ற நம் சொல் மலாய் மொழியில் ‘கபல்’ ஆக வாழ்கிறது. அதனால் யாட் என்று பேசுவதில் எனக்குக் குறையே இல்லை. எழுதும்போது எந்த யாட் என்பது தெரியவேண்டும், அவ்வளவுதான்.

சென்னைப் பயணத்துக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குள் தண்ணீர் ஏறத்தாழ அசையாமல் இருக்கும். துறைமுக வாயைத் தாண்டியதும் படகு ஏறி இறங்கத் தொடங்கும். கோடையில் முற்பகல் கடந்ததும் கடலிலிருந்து கொண்டல் எழும். காற்று வரும் திசைக்கு நேர் எதிரே பாய்மரப் படகால் ஓட முடியாது, குறுக்கும் மறுக்குமாகத்தான் முன்னேற வேண்டும். மெரினாவுக்கு இணையாகத் தெற்கே போகும்போது கிழக்குக் காற்று பக்கவாட்டில் கிடைப்பதால் ஓட்டம் சுகமாக அமையும். 5 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகம் என்றால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நேப்பியர் பாலத்தருகே கூவத்தின் முகத்துவாரம், 1977 முதல் எரியும் கலங்கரை விளக்கம், சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் என்று வரிசையாக வரும். மெரினா மணல்வெளி இத்தனை அகலமானதற்கே துறைமுகம்தான் காரணம். அதன் சுவர் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துத் தேக்கியது. அதே காரணத்தால் வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் தின்றது. கடலிலிருந்து பார்க்கும்போது இரண்டு கரைகளின் வேற்றுமையும் பளிச்சென்று தெரியும்.

படகு எடுக்கும்போது ‘ப்ரைவேட் யாட்’ என்ற விளம்பரத் தொடரை நம்பி நிற்காமல், “முழுப்படகும் எங்களுக்கு மட்டுமா? பாய் விரிப்பீங்களா, எஞ்சின்லேயே போய்ட்டு வந்துருவீங்களாண்ணே?” என்று கேட்டுவிடுங்கள். ‘சார்ட்டர்’ என்பது முழுப்படகு வாடகை. தலைக்கு இவ்வளவு என்று சீட்டு வாங்கிப் போவது அதில் சேராது. பிறகு நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில் ‘பாய்மரப் படகு’ என்று எழுதுங்கள். படகு சாயும் என்பது புரிந்து, குதிகால் செருப்பை வீட்டில் விட்டுவிட்டு ரப்பர் அடி வைத்த காலணியோடு வருவார்கள். துறைமுக நுழைவுக்கு அடையாள அட்டை கேட்பார்கள் என்பதையும் அதே செய்தியில் சேர்த்துவிடலாம்.