"எல்லாம் ஒண்டுதான், மிஸ்"

வெள்ளவத்தையில் நான் உளவளத்துணை வழங்கும் அறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் பலருக்கு ஒரே முறைப்பாடுதான்: இரவு பகலாக கேம். இந்த அம்மா சொன்னது வேறு. "விளையாடட்டும் மிஸ். அந்தச் சத்தத்தைத்தான் என்னால தாங்க ஏலாமல் இருக்கு."

(அடையாளங்கள் சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன்.)

மகனுக்கு 18 வயது, ஏ.எல். படிக்கிறான். சின்னத் தொடர்மாடி வீடு. அவன் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. 2009இல் இறுதிப் போரின்போது வன்னியிலிருந்து வெளியே வந்தபோது அவனுக்கு இரண்டு வயது, ஒன்றும் நினைவில்லை. அம்மாவின் தோளில் ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது.

அவனிடம் தனியாகக் கதைத்தபோது என்னென்ன விளையாடுகிறாய் என்று கேட்டேன். நீளமாகச் சொல்லிக்கொண்டே போனான், எல்லாம் துப்பாக்கிப் போர் கேம்கள். கடைசியில் தோளைக் குலுக்கிவிட்டு, "எல்லாம் ஒண்டுதான், மிஸ்" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். 1999இல் வந்த மெடல் ஒஃப் ஒனர் என்ற கேம், இரண்டாம் உலகப் போரைத் துப்பாக்கி பிடித்த சிப்பாயின் கண்வழியே காட்டியது. 2002இல் அதே வரிசையில் அலைட் அசோல்ட் கேமைச் செய்தவர்களில் பலர் பிரிந்துபோய் இன்ஃபினிட்டி வோர்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2003இல் அங்கிருந்து வந்ததுதான் கோல் ஒஃப் டியூட்டி. சமையற்காரர் கடை மாறினார், கறி மாறவில்லை. 2007இல் அதன் நான்காவது கேமான மொடர்ன் வோர்ஃபெயார் போரை நம் காலத்துக்குக் கொண்டுவந்து பெருவெற்றி பெற்றது. அப்புறம் எல்லோரும் அந்தப் பக்கமே ஓடினார்கள். 2010இல் மெடல் ஒஃப் ஒனரே ஆப்கானிஸ்தானுக்குப் போனது, 2011இல் அதே பாணியில் பட்டில்ஃபீல்ட் 3 என்ற கேம் வந்தது. கோல் ஒஃப் டியூட்டி 2005 முதல் வருடத்துக்கு ஒன்று. ஸ்டூடியோக்கள் முறை வைத்துச் செய்கின்றன. அவ்வளவு பணத்தைக் கொட்டுகிறவருக்குப் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துணிவு எங்கே வரும்? துப்பாக்கி மட்டும் வருடா வருடம் மினுங்கும்.

இதெல்லாம் பிள்ளையைக் கொலைகாரனாக்குமா என்றும் கேட்கிறார்கள். வன்முறைச் சம்பவங்களுக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் மறுபடியும் அறிவித்தது. கத்துவது, தள்ளுவது போன்ற சிறு மூர்க்கத்தோடு தொடர்பு இருப்பதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. நான் அறையில் பார்ப்பதும் ஏறக்குறைய அதுதான்.

என் கவலை வேறு. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அதில் இல்லாதவர்கள் உலகத்திலேயே இல்லாதவர்கள் போல ஆகிவிடுகிறார்கள். இந்த கேம்களில் குண்டு பட்டால் திரை சிவக்கும். சுவருக்குப் பின்னால் கொஞ்சம் ஒளிந்திருந்தால் காயம் தானாக ஆறிவிடும். தோளிலுள்ள துண்டுக்கு அந்த வசதி இல்லை. மொடர்ன் வோர்ஃபெயாரில் ஒரு கட்டம், ஏசி-130 விமானத்திலிருந்து கீழே சுடுவது. சாம்பல் நிறத் திரையில் மனிதர்கள் வெள்ளைப் புள்ளிகள். அவன் பிறந்த அதே 2007இல் வந்த கேம் அது. அவனுக்கு மிகவும் பிடித்த கட்டமாம். அவன் அம்மா வானத்தைப் பார்த்தது கீழேயிருந்து, பங்கர் வாசலில் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு. மேலே குண்டு போட வந்த விமானத்துக்கு அவர்கள் சொன்ன பெயர் கிபிர்.

வேறு விதமாகச் செய்ய முடியாது என்றில்லை. 2014இல் போலந்து நாட்டின் 11 பிட் ஸ்டூடியோஸ், திஸ் வோர் ஒஃப் மைன் என்று ஒரு கேமை வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. இடிந்த வீட்டில் சில பொதுசனங்கள். பசி, குளிர், மருந்தில்லாத காயம். 2020இல் போலந்து அரசு அதைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. பெரியவர்களுக்கான கேம்தான், சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இவனிடம் சொன்னேன். இரண்டு நாள் விளையாடிவிட்டு விட்டுவிட்டான். "போர் அடிக்குது மிஸ், எந்த நேரமும் சாப்பாடு தேடுறதுதான்." ஆனால் அன்றிரவு குசினிக்குப் போய், பங்கருக்குள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறான். கஞ்சி என்று மட்டும் அம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை வந்தபோது, பழைய கேமுக்கே திரும்பிவிட்டான் என்றார்.

"சத்தம்?" என்று கேட்டேன்.

"இப்ப ஹெட்செட் போட்டுக்கொண்டு விளையாடுறான். நான் கேட்கேல்லை, அவனாத்தான்."