பிஸ்கட் டின் நிறைய மாத்திரைகள்

சென்ற வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு மருந்து முகப்புக்கு வந்தார். "அப்பா பேச்சில்லாமல் வார்டில் கிடக்கிறார் அக்கா. இதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" திறந்தால் அத்தனையும் அம்லோடிபின், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. எண்ணிப் பார்த்தேன், 190 மாத்திரைகள். ஆறு மாதத்துக்கும் மேலான மருந்து.

அப்பாவின் கிளினிக் புத்தகத்தில் இரத்த அழுத்த அளவுகள் அழகாகவே இருந்தன. கிளினிக் தேதிக்குப் பத்து நாள் முன்பு மாத்திரையைத் தொடங்குவாராம். டாக்டர் "நல்லா இருக்கு" என்றதும் நிறுத்திவிடுவாராம். இடையில் தலை கனத்தால் மட்டும் ஒன்று. இந்த ஆண்டு நான் பார்க்கும் மூன்றாவது டின் இது.

தலை வலித்தால்தான் இரத்தக் கொதிப்பு என்று யார்தான் சொல்லி வைத்தார்களோ! மேல் அழுத்தம் 170-ஐ வைத்துக்கொண்டு தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கியவர்கள் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்கிறார்கள். செய்யாது, பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அம்லோடிபின் தலைவலி மாத்திரையும் அல்ல. விழுங்கிய பின் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். தினமும் போட்டால் ஏழெட்டு நாளில்தான் அது நிலைபெறும். அரை மணியில் தலைவலி விட்டது என்றால், விட்டது ஓய்வினால்.

இரத்த அழுத்தம் விடியலில் ஏறும், உறக்கத்தில் இறங்கும். அது இயல்பு, இரத்தக் குழாய்கள் தாங்கும். வாரக்கணக்கில் 170, பத்து நாள் 130, மறுபடி 170 என்று ஆட்டிவைப்பதைத் தாங்காது. உட்சுவர் புண்பட்டுத் தடித்து விறைக்கும். மூளை, சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் மெல்லிய குழாய்கள் சத்தமில்லாமல் கெடும். சராசரி அளவு ஒன்றாகவே இருந்தாலும், பரிசோதனைக்குப் பரிசோதனை அளவு அதிகம் மாறுபவர்களுக்குப் பக்கவாத அபாயம் கூடுதல் என்று 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுகள் காட்டின.

வீட்டில் அளக்க முழங்கைக்கு மேலே கட்டும் கருவியே வாங்குங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து அளந்து, எழுதி வையுங்கள். கோப்பி குடித்த கையோடு அளக்காதீர்கள். அடிக்கடி 135/85-ஐத் தாண்டினால் கிளினிக்குக்குப் போங்கள். ஒருமுறை ஏறிவிட்டது என்று கூடுதல் மாத்திரை போடாதீர்கள். நேற்று மறந்ததற்கு இன்று இரண்டு போடவே கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் பலவும் அழுத்தத்தை ஏற்றும், கேட்டுவிட்டு வாங்குங்கள். கிச்சாப், கருவாடு, ஊறுகாய் மூன்றையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு உப்பைக் குறைத்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் வீட்டில் மாத்திரை தேட வேண்டாம், உடனே 999-ஐ அழையுங்கள்.

பிள்ளைகளிடம் ஒரு கெஞ்சல். இன்றிரவு அப்பாவின் அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டைகளை எண்ணுங்கள். திட்டாதீர்கள், ஏன் நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள். கால் வீங்கியது என்பார். அது இந்த மருந்தில் வருவதுதான், மாற்று மருந்து இருக்கிறது. மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதாகச் சொல்வார். கெடுப்பது அடங்காத அழுத்தம். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, மிச்ச மாத்திரைகளையும் அவரையும் அழைத்துக்கொண்டு முகப்புக்கு வாருங்கள்.